பதிற்றுப்பத்துப் பதிகங்களும் சேரர் கொடிவழியும்

சேரர் வரலாறு கூறும் நூல் எதனைத் திறப்பினும் அதன்கண் ஒரு கொடிவழிப் பட்டியல் இருக்கக் காணலாம். தலையில் உதியஞ்சேரல், அவன்கீழ் இமயவரம்பனும் பல்யானைச் செல்கெழு குட்டுவனும், அவர்க்குக் கீழ் மூவர், பக்கத்தே அந்துவன் வழியினர் என நேர்கோடுகளால் இணைத்து, ஐயப்பட்ட இடத்தே புள்ளிக்கோடு இட்டு முடிப்பர். இப்பட்டியல்கள் தம்முள் ஒவ்வா என்பது யாவரும் அறிந்தது. எச்சொல்லை எவ்வாறு பொருள்கொண்டதனால் இக்கோடு பிறந்தது என்பதனை அவை காட்டாமையே அவ்வொவ்வாமையினும் பெருங்குறை. கோடு வரையப்பட்டவுடன் அதற்கு அடிப்படையான வேற்றுமையுருபு மறைந்துவிடுகிறது. பின்வரும் மாணவர் கோட்டையே சான்றாகக் கொண்டு அதன்மேல் ஆண்டுக்கணக்கும் மணமுறையும் தாயமுறையும் எழுப்புகின்றனர்.

இக்குறையை நீக்குதற்குக் கணிப்பொறித் துறையினின்று ஒரு கருவி இன்று நமக்குக் கிடைத்துளது. நிரல் எழுதுவோர் அல்காரிதம் என்றும் நம் பாடநூல்கள் நெறிமுறை என்றும் கூறும் அம்முறையால், தரப்பட்ட கொடிவழி ஒன்று செல்லுமா செல்லாதா எனச் சோதித்தல் கூடும். ஆயின் கருவி புதிதாயின் அதன்பால் மயக்கமும் உடன்வரும். 'நிரல் ஏற்றது, ஆதலின் இக்கொடிவழி மெய்' என எழுதும் விருப்பம் இளைய ஆய்வாளர்க்கு எழுதல் இயல்பே. அவ்விருப்பம் எத்துணைப் பொருந்தும் என்பதனைப் பதிற்றுப்பத்தின் எட்டுப் பதிகங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அந்நெறிமுறையைச் சொல்லுதல் வேண்டும். ஒவ்வொருவரையும் ஒரு கணுவாகக் கொள்க. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு ஓர் அம்பு வரைக. இவ்வாறு வரைந்தபின் நிரல் கேட்கும் வினாக்கள் மூன்றே. ஒரு கணுவை வந்தடையும் அம்புகள் இரண்டிற்கு மேற்படுகின்றனவா என்பதும், இரண்டாயின் அவை ஓர் ஆணிடமிருந்தும் ஒரு பெண்ணிடமிருந்தும் வருவனவா என்பதும் முதல் வினா. எவரேனும் தமக்குத் தாமே முன்னோர் ஆகின்றனரா என்பது இரண்டாவது. இதனைக் காண, 1962-இல் கான் என்பார் வெளியிட்ட முறை ஒன்றுண்டு. பெற்றோர் குறிக்கப்படாத கணுக்களை முதலில் களைந்து, அவற்றினின்று புறப்படும் அம்புகளையும் அழிக்க. அதனாற் பெற்றோரற்று நிற்கும் கணுக்களை மீண்டும் களைக. முடிவில் ஒன்றும் எஞ்சாதாயின் குற்றமில்லை. எஞ்சுமாயின் அங்கே ஒரு சுழல் உண்டு. மூன்றாவது வினா காலம் பற்றியது. 'தந்தை மகனினும் 15 ஆண்டேனும் மூத்தவன்', 'மகன் தந்தை இறந்து ஓராண்டிற்குள் பிறந்திருத்தல் வேண்டும்', 'இவ்வரசன் 25 ஆண்டு வீற்றிருந்தான்' என்பன போன்ற கூற்றுகள் எல்லாம் இரண்டு காலப்புள்ளிகளுக்கு இடையேயுள்ள சிற்றெல்லையையோ பேரெல்லையையோ வரையறுப்பன. அவற்றை ஒன்றோடொன்று கோத்துச் சுற்றிவருங்கால், ஒருவன் தான் பிறந்த ஆண்டிற்கு முன்னரே பிறந்திருத்தல் வேண்டும் என்னும் விடை வருமாயின், அச்சுற்றிலுள்ள கூற்றுகள் அனைத்தும் ஒருங்கே மெய்யாதல் இல்லை. போர்டு 1956-இலும் பெல்மன் 1958-இலும் வகுத்த முறை இதற்குப் பயன்படும்.

இம்மூன்றனுள் எதுவும் உண்மையைக் கண்டறிவதன்று. ஒருங்கு நில்லாதவற்றை நில்லாதன என்று காட்டுவதே அவற்றின் தொழில். ஆதலின் நிரல் 'ஆம்' எனின் நமக்குக் கிடைப்பது மிகச் சிறிது. 'இல்லை' எனின், எக்கூற்றுகள் தம்முள் மோதுகின்றன என்பதனையும் அது சுட்டுதலின், அதனாற் கிடைப்பது பெரிது.

இனிப் பதிகங்களுக்கு வருவோம். 1904-இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. எஞ்சிய எட்டுப் பத்துக்களின் இறுதியிலும் பதிகங்கள் உள்ளன. இவை பாடினோர் வாக்கல்ல, பின்னர்த் தொகுத்தோர் சேர்த்தவை என்பது பெரும்பான்மையோர் துணிபு. எனினும் சேரர் உறவுமுறையைச் சொல்லுவன இவையே. இமயவரம்பன் தம்பி என்றே சுட்டப்படும் மூன்றாம் பத்தின் தலைவனை ஒழித்து ஏனைய எழுவரையும் பதிகங்கள் ஒரே வாய்பாட்டில் அறிமுகம் செய்கின்றன. ஓர் ஆடவன் பெயர் நான்காம் வேற்றுமை ஏற்று முன்னிற்கும். அடுத்து ஒரு பெண்ணின் பெயரோ அடையோ வரும். அதன்பின் 'ஈன்ற மகன்' என்பது வரும். கோடு வரைவோர் அனைவரும் நிற்பது இவ்வாய்பாட்டின்மேல்தான்.

யாம் செய்த முதற்சோதனை வேண்டுமென்றே பேதைமையாகச் செய்யப்பட்டது. அடைகளை நீக்கிப் பெயரின் இறுதிச் சொல்லை மட்டும் கொண்டு, ஒரே பெயருடையார் அனைவரையும் ஒரே கணுவாக்கினோம். நான்காம் பத்தின் பதிகம் தந்தையைச் சேரலாதன் என்கிறது. ஐந்தாவதும் ஆறாவதும் நெடுஞ்சேரலாதன் என்கின்றன. ஆறாம் பத்தின் தலைவனோ ஆடுகோட்பாட்டுச் சேரலாதன். மூவரையும் 'சேரலாதன்' என்னும் ஒரே கணுவில் அடக்கிய அளவில், சேரலாதன் சேரலாதனுக்குத் தந்தையாயினான். நிரல் உடனே சுழல் காட்டிற்று. நகைக்கத்தக்க விளைவுதான். ஆயினும் பெயரொப்புமை ஒன்றே கொண்டு புறநானூற்றுச் சேரமான்களைப் பதிற்றுப்பத்துச் சேரரோடு இணைத்த முடிபுகள் நம்மிடையே குறைவல்ல. அவற்றுட் பல, சுழல் தோன்றாதபடி தற்செயலாகத் தப்பியவையே. ஒரு பெயர் ஒரு கணுவா இரு கணுவா என்பதனை நிரல் தீர்மானிக்காது. நாம் தீர்மானித்து அதன் கையிற் கொடுக்கிறோம்.

இரண்டாவது சோதனையில் நல்ல பொருள் கிடைத்தது. ஐந்தாம் பத்தின் பதிகம் கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவனை நெடுஞ்சேரலாதற்குச் சோழன் மணக்கிள்ளி ஈன்ற மகன் என்கிறது. இருந்தவாறே இதனை இட்டால், தாயின் இடத்தில் ஆண்பெயர் நிற்கிறது. முதல் வினாவிலேயே நிரல் மறுக்கிறது. உரைகாரரும் வரலாற்றாசிரியரும் 'மணக்கிள்ளியின் மகள்' எனச் சொல் வருவித்துக் கொண்டனர். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையின் உரைப்பாட்டு மடை இதே வாய்பாட்டில் 'சோழன் மகள்' எனத் தெளிவாகவே மொழிதலின் இவ்வருவித்தல் தக்கதே. ஆயினும் அது வருவித்தது என்பதனைப் பட்டியலிற் குறித்தல் வேண்டும்.

'ஈன்ற' என்பது தாய்க்கே உரிய சொல் எனக் கூறி ஆண்பெயரை விலக்குதலும் எளிதன்று. ஏழாம் பத்தின் பதிகத்தில் அந்துவற்கு என்பதனை அடுத்து ஒருதந்தை ஈன்ற மகள் என்றும், அவளே பொறையன் பெருந்தேவி என்றும் வருகிறது. ஈண்டு ஈன்றவன் தந்தை. பழைய உரையாசிரியர் ஒருதந்தை என்பது பெருந்தேவியின் பிதாவினது பெயர் என்றார். அவர் அங்ஙனம் கூறாதிருந்தால், 'ஒரே தந்தை பெற்ற மகள்', அஃதாவது அந்துவனோடு உடன்பிறந்தாள் எனக் கொள்ளவும் சொல் இடங்கொடுக்கும். சிறப்புப் பெயரா, எண்ணடை ஏற்ற பொதுப் பெயரா என்னும் இச்சிறு வினாவிலேயே இரு வேறு கொடிவழிகள் பிரிகின்றன.

பிரிந்த இரண்டனையும் நிரலில் இட்டோம். உடன்பிறந்தாள் எனக் கொண்டு, 'அந்துவற்கு' என்பதனையும் தந்தைமைப் பொருளிற் கொண்டால், செல்வக்கடுங்கோ வாழியாதனின் தாயும் தந்தையும் ஒரு தந்தையின் மக்கள் ஆகின்றனர். நிரல் யாது கூறிற்று? ஒன்றும் கூறவில்லை. ஒவ்வொருவருக்கும் பெற்றோர் இருவரே, சுழலும் இல்லை, காலமும் முரணவில்லை, செல்லும் என்றது. தமிழ் மரபு சிறிதும் ஏலாத ஓர் உறவை அது குற்றமின்றி ஏற்றுக்கொண்டது. இன்னார் இன்னாரை மணத்தல் ஆகாது என்னும் விதியை நாம் புறத்தினின்று கொடுத்தாலன்றி அதற்குத் தெரியாது. அவ்விதியைக் கொடுத்த பின்னர் அது மறுப்பின், மறுத்தவர் நாமே ஆவோம்.

இனித் தாயமுறை வழக்கு. மக்கள் தாயத்தை ஒட்டி மு. இராகவையங்கார் முதலியோர் வரைந்ததனை மறுத்து, நாவலர் ச. சோமசுந்தர பாரதியார் 'சேரர் தாயமுறை' என்னும் தம் ஆராய்ச்சியில், சேரரிடை நிலவியது மருமக்கள் தாயமே என வாதிட்டார். அவ்வழிச் செல்வோர்க்கு 'சேரலாதற்கு' என்னும் நான்கனுருபு தந்தைமையைக் குறிப்பதன்று, உரிமையைக் குறிப்பது. பதுமன் தேவி என்பது பதுமனின் மனைவி எனப் பொருள்படும். அவள் சேரனின் உடன்பிறந்தாள். அவள் மகன் மாமன் அரசிற்கு உரியன். மக்கள் தாயத்தார்க்கோ பதுமன் தேவி என்பது பதுமன் மகளாகிய தேவி. ஆறாம் வேற்றுமைத் தொகை இரண்டிற்கும் இடந்தருதலே இவ்வழக்கு நெடுநாள் தீராமைக்குக் காரணம்.

வேளாவிக் கோமான் பதுமன் தேவி இருமுறை வருகிறாள்: நான்காம் பத்தில் களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரலின் தாயாகவும், எட்டாம் பத்தில் பெருஞ்சேரல் இரும்பொறையின் தாயாகவும். ஆறாம் பத்தில் வேளாவிக் கோமான் தேவி என்று மட்டும் வருகிறது; பதுமன் பெயர் இல்லை. மருமக்கள் தாயப் பொருளை உடன்பிறந்தாள் என்னும் நேர்ப்பொருளிற் கொண்டு, இருமுறை வந்தவள் ஒருத்தியே எனவும் கொண்டு நிரலில் இட்டால் நேர்வது இது. நான்காம் பத்தின்படி அவள் நெடுஞ்சேரலாதனோடு ஒரு வயிற்றிற் பிறந்தவள். ஆகவே அவள் தாய் வெளியன் வேண்மாள் நல்லினி. எட்டாம் பத்தின்படி அவள் செல்வக்கடுங்கோவோடு ஒரு வயிற்றிற் பிறந்தவள். ஆகவே அவள் தாய் பொறையன் பெருந்தேவி. ஒருத்திக்குத் தாயர் இருவர். நிரல் மறுத்துவிட்டது. மருமக்கள் தாயம் நிற்க வேண்டுமாயின், பதுமனுக்குத் தேவியர் இருவர் எனக் கொள்ளல் வேண்டும். அன்றி உடன்பிறந்தாள் என்பதனை ஒரே தாய்வழிக் குடும்பத்துப் பெண் என அகலமாகக் கொண்டு, உதியன் மரபும் அந்துவன் மரபும் ஒரு தாய்வழியே என ஒப்புதல் வேண்டும். பின்னையது சிறிய ஒப்புதலன்று.

இதுகொண்டு மக்கள் தாயத்தார் வென்றனர் என்று கருதற்க. அவர் பொருளில் இருமுறை வந்தவள் ஒருத்தியாயின், அவள் இரு சேரரின் தேவியாகிறாள். நிரல் இதனை ஏற்கும், நாம் ஏலோம். ஆகவே அவரும் பதுமனுக்கு மகளிர் இருவர் எனக் கணுவைப் பிளந்தே தீர்தல் வேண்டும். அன்றியும் 'பதுமன் தேவி' என்பதனை மகள் என்று கொண்டவர், அதே இலக்கணத்தாற் 'பொறையன் பெருந்தேவி' என்பதனையும் பொறையன் மகள் எனக் கொள்ளல் முறை. கொண்டால், பழைய உரையின்படி ஒருதந்தை மகளாகிய அவளுக்குத் தந்தையர் இருவர் ஆகின்றனர், நிரல் மறுக்கிறது. ஆதலின் அவர் ஓரிடத்தே மகள் என்றும் மற்றோரிடத்தே மனைவி என்றும் பொருள் மாற்றுகின்றனர். மருமக்கள் தாயத்தார்க்கு இவ்வல்லல் இல்லை. ஈரிடத்தும் மனைவி என்றே கொள்வர். இஃது அவர் வழக்கிற்கு வலிமை தருவதே. பெருந்தேவி என்பது கோப்பெருந்தேவி போலக் கணவனால் வரும் பட்டப்பெயர், வாளா தேவி என்பது அத்தகையதன்று என வேறுபடுத்தி மக்கள் தாயத்தார் விடை கூறலாம். அவ்வேறுபாட்டைச் சங்க வழக்கினின்று நிறுவுதல் அவர் கடன்.

எம் கருத்து மக்கள் தாயத்தின் பக்கமே சாய்கிறது. அதற்குக் காரணம் நிரல் அன்று, வாழ்த்துக் காதையே. செங்குட்டுவனின் தாய் சோழன் மகள் என அது வெளிப்படக் கூறுகின்றது. அவளை நெடுஞ்சேரலாதனின் உடன்பிறந்தாள் ஆக்க வேண்டின், நல்லினி சோழனுக்கும் மனைவியாதல் வேண்டும். மருமக்கள் தாயத்தார் பொருளில் அவளோ வெளியன் மனைவி. ஒருத்திக்குக் கணவர் இருவரை வருவித்துத்தான் அக்கொள்கை ஈண்டு நிற்கும். அன்றியும், ஒருதந்தை என்பதனை 'ஒரே தந்தை' எனப் பிரித்து உடன்பிறந்தாள் ஆக்குவோர், தாய்வழி உரிமையை நிறுவத் தந்தை ஒருமையைச் சான்று காட்டுகின்றனர். மருமக்கள் தாயத்தில் எண்ணப்படுவது தாயின் ஒருமை அன்றோ?

இவ்விடத்தே கருவியின் அமைப்புப் பற்றியும் ஒன்று சொல்லுதல் தகும். கொடிவழிச் செய்திகளைப் பரிமாறுதற்கென மார்மன் திருச்சபையார் 1984-இல் வெளியிட்ட ஜெட்காம் என்னும் வடிவம் உலகெங்கும் வழங்குகிறது. அதன்கண் குடும்பம் என்னும் பதிவுக்குக் கணவன், மனைவி, மக்கள் என்னும் இடங்களே உள்ளன. மாமனுக்குப் பின் உரிமை எய்திய மருமகனுக்கு அங்கே தனியிடம் இல்லை. 'சேரலாதற்கு' என்னும் நான்கனுருபை இப்பதிவில் இட முனைவோன் கை, தன்னையறியாமலே அதனைக் கணவன் என்னும் இடத்தில் இட்டுவிடும். வழக்கின் தீர்ப்பு ஆராய்ச்சிக்கு முன்னரே எழுதப்பட்டுவிடுகிறது. உருபை உருபாகவே பதிந்து, பொருளைப் பின்னர் ஏற்றுமாறு நிரலை அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாம் வினாவாகிய காலத்திற்கு வருவோம். பதிகங்கள் வீற்றிருந்த ஆண்டுகளைத் தருகின்றன: இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் 58, பல்யானைச் செல்கெழு குட்டுவன் 25, நார்முடிச்சேரல் 25, செங்குட்டுவன் 55, ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் 38. ஒருவர்பின் ஒருவராக இவர்கள் ஆண்டனர் எனின் தொகை 201. இரண்டே தலைமுறைக்கு 201 ஆண்டு என்பது பொருந்தாது என்று முன்னரே பலர் கூறியுள்ளனர்; ஒரே காலத்து வெவ்வேறிடங்களில் ஆண்டனர் என விடையும் கண்டனர். ஆயின் எத்துணைப் பேர் உடனாண்டிருத்தல் வேண்டும் என்பதனை அவர் வரையறுத்திலர். நிரல் அதனை வரையறுக்கிறது.

நெடுஞ்சேரலாதன் அரசு ஏறிய ஆண்டினைச் சுழியம் எனக் கொள்வோம். அவன் 58-இல் இறந்தான் எனின், மக்கள் மூவரும் 59-க்குள் பிறந்திருத்தல் வேண்டும். தம்பி 83 வரை ஆண்டான். அப்போது மக்களுள் எவனும் 24 வயதிற் குறைந்தவன் அல்லன். அதன்பின் மூவரும் தொடர்ந்து ஆண்டால் 118 ஆண்டு; ஆகவே கடைசியாக ஆண்டவன் முடிவில் 142 வயதினன். தம்பியின் 25 ஆண்டு தமையன் காலத்திலேயே அடங்கிற்று எனக் கொண்டால், அவ்வயது 117 ஆகக் குறையும், போதாது. ஒருவன் அரசிருக்கையில் 90 வயதைக் கடந்திலன் என ஓர் எல்லை வைப்போம். தம்பியை அடக்கியபின் மக்களுள் இருவரை மட்டும் தொடரவிட்டால், நார்முடிச்சேரலும் செங்குட்டுவனும் எனின் 79. செங்குட்டுவனும் ஆடுகோட்பாட்டானும் எனின் 92. நார்முடியும் ஆடுகோட்பாட்டானும் எனின் 62. தம்பியைத் தமையன்பின் நிறுத்தினால், நார்முடியும் ஆடுகோட்பாட்டானும் தொடர்தல் 87 எனத் தப்பும். செங்குட்டுவனைச் சேர்த்த எந்த இணையும் நூறு வயதைக் கடக்கும். ஆகவே ஐவருள் செங்குட்டுவன் அல்லாத ஒருவனது ஆட்சியை மட்டும் உடனாட்சி என்றால் முரண் தீராமை தெளிவு. தம்பியும் ஒரு மகனும் உடனாண்டனர் எனலாம். அல்லது தம்பியைத் தனியே நிறுத்திச் செங்குட்டுவனை உடனாட்சியன் எனலாம். பின்னையதில் ஓராட்சியே உடனாட்சி ஆயினும், அது செங்குட்டுவனது 55 ஆண்டாகவே இருத்தல் வேண்டும். வேறெவரை உடனாட்சியர் ஆக்கினும் அஃதொன்றே போதாது. பட்டியல்களில் இமயவரம்பனுக்கும் தம்பிக்கும் பின் செங்குட்டுவனைத் தொடர்ச்சியாக நிறுத்தி, ஏனையோரையும் அவன் முன்னும் பின்னும் கோப்போர் இக்கணக்கை நோக்குதல் வேண்டும்.

இக்கணக்கில் யாம் மறைவாக இட்ட கூற்று ஒன்றுண்டு: ஆட்சி முடிவே வாழ்வின் முடிவு என்பது. இதனைப் பதிகமே ஓரிடத்தில் மறுக்கிறது. பல்யானைச் செல்கெழு குட்டுவன் நெடும்பாரதாயனார் முன்செல்லக் காடு போந்தான் என மூன்றாம் பத்தின் பதிகம் கூறுதலின், அரசு விடுத்தபின்னும் அவன் வாழ்ந்தான். உதியஞ்சேரல் இறந்த ஆண்டிலேயே இமயவரம்பன் அரசு ஏறினான் எனின், தம்பி அதன்பின் ஓராண்டிற்குள் பிறந்திருத்தல் வேண்டும். தமையன்பின் 25 ஆண்டு ஆண்டான் எனின், காடு போந்தபோது அவனுக்கு 82 வயதிற் குறையாது. துறவிற்கு மிகப் பொருந்திய வயது! ஆயினும் பொருத்தம் கண்டு மகிழ்ந்து இதனைச் சான்றாக்குதல் கூடாது. இமயவரம்பன் தந்தை உயிரோடிருக்கும்போதே முடிசூடியிருப்பின் இக்கணக்கு முழுவதும் நெகிழும்.

முரணைத் தீர்க்க வேறொரு வழியும் உண்டு. அதுவே மிக எளியதும் மிகத் தீங்கானதும் ஆகும். நெடுஞ்சேரலாதனை இருவராக்கிவிடல். ஆறாம் பத்தின் பதிகம் அவனைக் குடக்கோ நெடுஞ்சேரலாதன் என்கிறது. புறநானூற்றில் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியோடு பொருது வீழ்ந்தவனும் குடக்கோ நெடுஞ்சேரலாதன் எனக் குறிக்கப்படுகிறான். இவன் வேறு, இமயவரம்பன் வேறு எனக் கொண்டால், மக்கள் பிறப்பிற்கு இட்ட எல்லை கழன்றுவிடும்; 201 ஆண்டும் தடையின்றி ஓடும்; நிரல் 'ஆம்' என்னும். கணுவைப் பிளந்தால் தீராத முரண் இவ்வுலகில் இல்லை. இரண்டு செங்குட்டுவர், மூன்று கரிகாலர் எனப் பெருக்கிய ஆராய்ச்சிகள் பலவும் இவ்வழியே முரண் நீக்கியவை. ஒருவனை இருவர் ஆக்குதற்கு முரண் நீங்குதல் மட்டும் காரணமாதல் ஆகாது. அவ்விருவரையும் வேறு பிரிக்கும் சொல்லொன்று பாட்டிலோ பதிகத்திலோ இருத்தல் வேண்டும். குடக்கோ என்னும் அடை அத்தகைய சொல்லா என்பது ஆராயத்தக்கது. ஐந்தாம் பதிகம் அவனையே குடவர் கோமான் என்றலின், அவ்வடை நெடுஞ்சேரலாதற்குப் பொதுவாக வழங்கியது போலும். ஆதலின் பிளத்தற்கு அஃதொன்றே போதாது என்பது எம் கருத்து.

இரும்பொறை வழியில் காலமுரண் இல்லை. செல்வக்கடுங்கோ 25, பெருஞ்சேரல் இரும்பொறை 17, இளஞ்சேரல் இரும்பொறை 16. மூவரும் சேர்ந்து 58. இமயவரம்பன் ஒருவன் ஆண்டதாகப் பதிகம் கூறுவதும் அதுவே. ஒரு வழியின் ஆண்டுகள் இயல்பாகவும் மற்றொரு வழியின் ஆண்டுகள் மிகப் பெரியனவாகவும் இருத்தல், பதிகம் பாடியோர்க்கு இருவேறு மூலங்கள் கிடைத்தனவோ என ஐயுறச் செய்கிறது.

இவ்வழிக்குப் பதிகத்தின் வேறாகிய சான்று ஒன்று கல்லில் உளது. கருவூர்க்கு அண்மையில் புகளூர் ஆறுநாட்டார் மலையிலுள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு, ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையைச் சொல்லி, மூன்றாமவன் இளங்கோ ஆகியபோது செங்காயபன் என்னும் அமண முனிவர்க்குக் கல் அறுத்து அளிக்கப்பட்டதனைக் குறிக்கிறது. ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட பெருநூலில் இதன் பாடம் விளங்கும். இக்கல்வெட்டில் நான்கனுருபு இல்லை. ஈன்ற என்பதும் இல்லை. தாய் பெயரும் இல்லை. மகன், மகன் என நேரே செல்கிறது. தந்தைவழி மூன்றாமவன் இளவரசாதலை அக்காலத்துக் கல்லே சொல்லுதல், தாயமுறை வழக்கில் பதிகம் எட்டனையும்விட எடைமிக்கது.

ஆயினும் இம்மூவரையும் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துத் தலைவராக ஒருங்கே இணைத்தல் இயலாது. இணைத்தவுடன் நிரல் மறுக்கிறது. கல்வெட்டின்படி மூன்றாமவன் தந்தை இரண்டாமவன். ஒன்பதாம் பதிகத்தின்படி இளஞ்சேரல் இரும்பொறையின் தந்தை குட்டுவன் இரும்பொறை, பெருஞ்சேரல் இரும்பொறை அல்லன். தந்தையர் இருவர். பெருங்கடுங்கோனைக் குட்டுவன் இரும்பொறையாகக் கொண்டால் முரண் நீங்கும். அப்போது அவன் செல்வக்கடுங்கோவின் மற்றொரு மகனும், இளஞ்சேரல் பெருஞ்சேரலின் உடன்பிறந்தான் மகனும் ஆவர். பதிகம் கூறாத உறவு ஒன்று கல்லின் துணையாற் கிடைக்கிறது. இதுவும் நிரல் தந்த உறவன்று. ஆதன் செல்லிரும்பொறை செல்வக்கடுங்கோ வாழியாதனே என நாம் முதலிற் கொண்டதன் விளைவு.

ஒன்பதாம் பதிகத்தில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. இளஞ்சேரலின் தாய் மையூர் கிழான் வேண்மாள் அந்துவஞ்செள்ளை. பதுமன் தேவி பதுமன் மகள் ஆயின், அந்துவஞ்செள்ளை அந்துவன் மகள் செள்ளை ஆகலாம். அவளே மையூர் கிழானின் மகளும் ஆயின் முதல் வினாவில் நிரல் தடுக்கும். அந்துவன் என்பது மையூர் கிழானின் இயற்பெயர் எனின் தடையில்லை. அவ்வந்துவன் ஏழாம் பத்தில் வரும் அந்துவனே எனின், மையூர் கிழான் செல்வக்கடுங்கோவின் தந்தையாகி, வேளிர் குடியும் சேரர் குடியும் கலந்துவிடும். அதே பதிகம் மையூர் கிழானை இளஞ்சேரலின் அமைச்சனாகவும் கூறுகிறது. கிழான் என்பது ஊர்க்குரியோன் பெயராதலின் தந்தைக்குப்பின் மகனுக்கும் அது செல்லும். ஆகவே அவ்வமைச்சன் அரசனின் தாய்ப்பாட்டனாகவும் இருக்கலாம், தாய்மாமனாகவும் இருக்கலாம். இரண்டனையும் காலக்கணக்கு ஏற்கிறது. செள்ளை என்பது ஆறாம் பத்தினைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையார் பெயரிலும் வருதலின், அது மகளிர்க்கு வழங்கிய இயற்பெயர் என்பது தெளிவு. அதன் முன்னிற்கும் அந்துவன் தந்தை பெயரா, பெயரின் ஒரு பகுதியேயா என்பதனை, அந்துவன் என்பது முன்னொட்டாக வரும் ஏனைய சங்கப் பெயர்களைத் தொகுத்து நோக்கியே துணிதல் வேண்டும். அத்தொகுப்பை மற்றொரு கட்டுரையில் வெளியிடுவோம்.